பூனையின் வலது கால்

டிப்போவில் என் வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் பூனை. தலை நரைக்கும்வரை பஸ் ஓட்டினார். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டாம், அப்படி அலுங்காமல் குலுங்காமல் நிறுத்துவார். ஆனால் வேறு யாராவது ஓட்டும் வண்டியில் ஏற்றினால் போச்சு. முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருப்பார், எதிரே வண்டி வந்தால் வலது காலால் தரையை மிதிப்பார். "தரை ஓட்டையாயிடப் போகுது" என்று கேலி செய்வேன்.

பக்கவாதம் அந்த வலது காலைத்தான் கொண்டுபோனது. கையும் பேச்சும் கூடவே போய்விட்டன. மிஞ்சியது "போ" என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் "போ"தான், வலித்தாலும் "போ"தான்.

ஆஸ்பத்திரியில் நடக்கவைக்கும் ரோபோ இருக்கிறது என்றார்கள். இடுப்பில் பட்டை கட்டித் தொங்கவிட்டு, இரண்டு கால்களையும் இரும்புக் கால்களோடு சேர்த்துக் கட்டுவார்கள். கீழே ரப்பர் தரை ஓடும், இரும்பு இவர் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். முதல் நாள் என் மகன், "அப்பா நடக்கிறாரு!" என்று கைதட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் நடந்தது? ஊரையே ஏற்றிக்கொண்டு போனவரை ஒரு மெஷின் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போகிறது, அதற்குக் கைதட்டல் வேறு!

கொஞ்ச நாளில் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நடுவில் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும்.

"நல்ல காலை இறுக்காதீங்க ஐயா, லூசா விடுங்க. மெஷினோட சண்டை போடாதீங்க" என்பாள் பிசியோதெரபிப் பெண்.

இவர் முகம் சிவந்து "போ!" என்று கத்துவார்.

"கோபத்தை விடுங்கப்பா. மனசை லேசா வச்சுக்கிட்டாத்தான் குணமாகும்" என்றான் மகன்.

லேசாம்! பாதி உடம்பு கட்டையாகக் கிடக்கிறது, மனசு மட்டும் பஞ்சாகப் பறக்க வேண்டுமாம்.

"வாயை மூடுடா. அவருக்கு மிச்சம் இருக்கிறது கோபம் ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?" என்றேன்.

கடைசியில் அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்தாள். "ஒத்துழைக்க மாட்டேங்கிறாரும்மா. மெஷினுக்கு நிறைய பேர் காத்திருக்காங்க. இவருக்கு இதோட நிறுத்திக்கலாம்."

நிறுத்தினால் இனிக் கட்டிலே கதி. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இவரை டாக்ஸியில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டாக்ஸிக்காரன் ஓட்டியது மகா கண்றாவி. முன்னால் லாரி நிற்கிறது, இவன் அதன் முதுகில் ஏறப் பார்க்கிறான். "போ!" என்று அலறினார் என் வீட்டுக்காரர். அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாமென்று நான் முன்னால் குனிந்தபோதுதான் பார்த்தேன்.

வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. செருப்பே மடங்கும் அளவுக்கு. லாரி விலகியதும் தளர்ந்தது. அடுத்த வளைவில் மறுபடி மிதித்தது.

பாவி மனுஷன்! மெஷினோடு சண்டையா போட்டார்? அதற்குப் பிரேக் போட்டிருக்கிறார், எல்லோரும் கைகழுவிவிட்ட காலால்.

"வண்டியைத் திருப்புப்பா. ஆஸ்பத்திரிக்கே போ" என்றேன்.

பயந்துபோனான். "மன்னிச்சுக்கோங்கம்மா, இனிமே மெதுவாவே போறேன்."

"மெதுவா போனே, கொன்னுடுவேன்! இப்படியே கண்டபடி ஓட்டு. அந்தப் பொண்ணையும் ஏத்திக்கிட்டு வந்து இவர் காலைக் காட்டணும்."