புறவாசலில் ஓட்டைப் பந்து

போன ஆடியில் இரண்டு மாத விடுப்பில் மேலப்பாளையம் வந்தபோது, என் பெட்டியில் சாக்லேட்டையும் தைலத்தையும்விட பிளாஸ்டிக் பந்துகள்தான் அதிகம் இருந்தன. உள்ளே காலி, மேலெல்லாம் ஓட்டை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். கண்ணாடி உடையாது, ஆளுக்கும் சேதமில்லை. வீட்டில் கோல்ஃப் பழகுகிறவர்களுக்கென்றே செய்தவை. கூடவே பழைய இரும்பு மட்டை ஒன்று.

கோல்ஃப் என்றதும் என்னைப் பெரிய துரை என்று நினைக்க வேண்டாம். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது வருடமாகப் புல் வெட்டுகிறவன் நான். வேலை முடிந்தபின் அங்கிருந்த பயிற்சியாளர் என் கையில் மட்டையைக் கொடுத்துப் பழக்கினார். விடுப்பு முடிந்து வந்ததும் ஒரு தேர்வு வைப்பதாகவும், தேறினால் உதவிப் பயிற்சியாளர் வேலை என்றும் சொல்லியிருந்தார். புல் வெட்டுகிறவனுக்கு எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில். உதவிப் பயிற்சியாளருக்குக் குடும்ப விசா. அதற்காகத்தான் இத்தனை பாடும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்திருந்த நாட்கள் மிகக் குறைவு. பிள்ளையும் இல்லை.

எங்கள் வீட்டுப் புறவாசல் நல்ல நீளம். ஒரு கிணறு, ஒரு முருங்கை, துணி காயும் கொடி. பக்கச் சுவரில் அடுத்த வீட்டுக்குப் போக ஒரு சின்னக் கதவு. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு கதவு உண்டு. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மட்டையோடு இறங்கினால் பொழுதடைந்து மக்ரிப் பாங்கு சொல்லும் வரை அடிப்பேன்.

முதல் நாளே எரிச்சல் ஆரம்பித்தது. குற்றாலத்தில் சாரல் என்றால் எங்களுக்கு வருவது வெறும் காற்று. நேராக அடித்த பந்து காற்றில் ஒதுங்கி முருங்கையில் போய்ச் சிக்கும். கோணலாக அடித்தது திரும்பி வந்து நேராக விழும். நிஜப் பந்து என்றால் மட்டையில் பட்டதுமே சரியா தப்பா என்று கைக்குத் தெரிந்துவிடும். இந்தச் சனியன் எப்படி அடித்தாலும் டொப்பென்று ஒரே சத்தம்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நான்தான் பந்தைக் குறை சொல்கிறேனோ என்றும் தோன்றும். குற்றம் பந்திலா என்னிலா என்று தெரியாமல் இருந்ததுதான் பெரிய கொடுமை.

போதாக்குறைக்குப் பந்துகள் சின்னக் கதவு வழியாக அடுத்த வீட்டுக்குள் உருண்டு ஓடின. அவர்கள் ஒருநாளும் குறை சொல்லவில்லை. பொறுக்கிச் சுவர்மேல் வைத்துவிடுவார்கள். ஐந்தாம் நாள் நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் பழைய ஜமுக்காளம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். பந்து அதில் பட்டு அங்கேயே விழுந்தது. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்குள் வேறு எரிச்சல். மனைவி நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலமானால் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சுற்றுவாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒரு மாதம் பொறுத்தேன். ஒருநாள் அடித்த பந்தெல்லாம் கோணலாகவே போக, மட்டையை வீசி எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தானே இந்த வெயிலில் சாகிறேன், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம் என்றேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான் வாறேன்னு சொன்னேனா?"

பிறகு, ஊருக்குப் புதிதாய் வந்தவனுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள். தினமும் அந்த நேரத்தில்தான் நாலைந்து வீட்டுப் பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாக வருவார்களாம். கிணற்றடியில் உட்கார்ந்து மக்ரிப் வரை பீடி சுற்றிப் பேசிச் சிரித்துவிட்டுப் போவார்களாம். ஆண்பிள்ளை நிற்கிற புறவாசலுக்கு யார் வருவார்கள்? அதற்கென்று பர்தா போட்டுத் தெருவைச் சுற்றி வரவும் யாருக்கும் முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இதே தெருவில் பிறந்து, இதே கதவுகள் வழியாக ஓடி வளர்ந்தவன் நான். அங்கே நின்ற ஒரு மாதமும் இது என் புத்தியில் உறைக்கவில்லை.

"இந்த ஒரு கதவ அடச்சதுக்கே எனக்கு மூச்சு முட்டுது. அங்கன மாடியில நாலு சுவருக்குள்ள யாருகூடப் பேசிட்டுக் கெடப்பேன்? என்னைய ஒரு வார்த்த கேட்டீயளா?"

கேட்கவில்லை. அவளுக்கும் அதுதான் ஆசை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

ஜமுக்காளத்தை அவிழ்த்துத் தாழ்ப்பாளைத் திறந்தேன். இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு நான் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மக்ரிப் முடிந்து வீடு திரும்பியபோது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த நாட்களில் விடிகாலை பஜ்ருக்குப் பிறகு கொஞ்ச நேரம் அடித்ததோடு சரி. சாயங்காலங்களில் டீக்கடையே கதி என்று கிடந்தேன். கடைக்காரர் ஏன் வே, வீட்டுல சண்டையா என்றுகூடக் கேட்டார்.

விடுப்பு முடிந்து திரும்பியதும் தேர்வில் தேறிவிட்டேன். நிஜப் பந்தில் மட்டை பட்ட முதல் அடியிலேயே தேறிவிடுவேன் என்று தெரிந்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். மாஷா அல்லாஹ் என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் விசா பேச்சை எடுக்கப்போனேன்.

"எல்லாரும் இருக்காவ. பொறவு பேசட்டா?"

சரி என்றேன். பிறகு தினமும் பேசுகிறோம். சாப்பாடு, தலைவலி, முருங்கை காய்த்தது எல்லாம் பேசுகிறோம். எனக்குத் தனி வீடு கொடுத்திருக்கிறார்கள். விசாவுக்கான தாளும் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும். கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கேட்கவில்லை.