மடக்கினால் அறுபத்தாறுக்குள்

என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, அந்தச் சாமானை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல வளைத்து வளைத்துக் கதைத்துக் கடைசியில் என்னையே நல்லவனாக்கிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மச்சான் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில்தான் இருக்கிறான். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை. குடிப்பதில்லை, சீட்டு விளையாடுவதில்லை. அவனுக்கு இருந்த ஒரே விசர் முயல் வேட்டை. முறைப்படி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசன்ஸ் எடுத்து, ஒரு சின்னத் துவக்கு வாங்கினான். என் மனைவி ஊரில், போர்க்காலத்தில், துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடி வளர்ந்தவள். தம்பியோடு கொஞ்சக் காலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவன் கொண்டுவந்த முயல் மிளகு தூக்கலான கறியாகி மேசைக்கு வந்தது, கோபமும் போய்விட்டது.

போன வருடம் நியூ ஜேர்சியில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுச் சடங்குக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லை தாண்டிப் போனால் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அங்கே ஒரு கடையில்தான் மடக்கு ஸ்ரொக்கைக் கண்டேன். ஸ்ரொக் என்பது துவக்கின் பின்பகுதி, தோளில் அணைத்துப் பிடிப்பது. மச்சானுடையது மரத்தால் ஆனது. இது கறுப்பு, ஒரு பொத்தானை அமத்தினால் கதவு மாதிரி மடிந்து துவக்கோடு ஒட்டிக்கொள்ளும். அவனுடைய துவக்குக்கு அளவாகப் பொருந்தும் என்றான் கடைக்காரன். பேஸ்மென்றில் இருக்கும் இரும்புப் பெட்டி சின்னது, துவக்கைச் சரித்து வைத்துத்தான் அவன் பூட்டுவான். அது ஞாபகம் வந்ததும் எனக்குள் இருந்த வள்ளல் எழும்பிவிட்டான். திரும்பும்போது எல்லையில் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டபோது பலகாரமும் உடுப்பும் என்றேன். மனைவி பார்த்த பார்வையைக் காணாதமாதிரி காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். மடக்கி, விரித்துப் பார்த்தான். நல்லாயிருக்கு அத்தான் என்றான். இன்னும் கொஞ்சம் சந்தோசப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். சில நாள் கழித்துக் கீழே இறங்கிப் பார்த்தால், அது வாங்கிய மட்டைப் பெட்டியோடு அப்படியே கிடந்தது. என்ன, அத்தான் தந்தது பிடிக்கேல்லையோ என்று பகிடியாகக் கேட்டேன். பகிடிதான், ஆனால் குரலில் கொஞ்சம் உறைப்பும் இருந்தது. அன்று பின்னேரமே மாட்டிவிட்டான்.

பனி கொட்டத் தொடங்கு முன் ஒரு சனிக்கிழமை, வேடிக்கை பார்க்க நானும் அவனோடு வடக்கே போனேன். முயல் அகப்படவில்லை. காரடியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வேட்டை அதிகாரி ஒருவர் வந்தார். வழக்கமான சோதனை. லைசன்ஸ் சரி, வேட்டை அட்டை சரி, தோட்டாவும் கழற்றியிருந்தது. உறையைத் திறந்து, மடிந்து கிடந்த துவக்கைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. தன் வாகனத்துக்குப் போய் அளவு நாடாவோடு திரும்பி வந்தார்.

இந்த நாட்டில் துவக்குகளுக்கும் சாதி இருக்கிறது. சாதாரணம், கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது என்று மூன்று. சாதி பார்ப்பதில் விண்ணர்களான எங்கள் ஆட்களில் ஒருவனாக இருந்தும் எனக்கு இது தெரியாது. மடக்கிய நிலையிலும் சுடக்கூடிய துவக்கு, மடக்கினால் அறுபத்தாறு சென்ரிமீற்றருக்குக் குறைந்துவிட்டால் இரண்டாவது சாதிக்குப் போய்விடும். அதற்கு லைசன்ஸ் வேறு, பதிவு வேறு, வேட்டைக்குக் கொண்டுபோகவே கூடாது. மச்சானுடைய துவக்கின் குழல் ஏற்கெனவே கட்டை. மரப் பிடியோடு முயல் சுட்ட அதே துவக்கு, என் அன்பளிப்பை மாட்டியதும் அவன் வைத்திருக்கவே கூடாத துவக்காகிவிட்டது. அதிகாரி இதை ஆறுதலாக, மரியாதையாகத்தான் விளங்கப்படுத்தினார்.

பிறகு, இதை மாட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றான் மச்சான். வாங்கியதும் நீயா என்றார். அதற்கும் ஓம் என்றான். கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத நான், கையில் கோப்பியோடு பேயறைந்தவன் மாதிரி நின்றேன். சீருடையைக் கண்டால் எனக்கு நாக்கு எழும்பாது, அது ஊரில் பட்ட பயம் என்று பிறகு மனைவிக்குச் சொன்னேன். பொய். அவன் ஓம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதுதான் உண்மை. சீ, நானும் ஒரு மனுசன்.

துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள், வழக்கு வந்தது. மச்சான் சிற்றிசன்சிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தவன். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் சிற்றிசன்சிப் மட்டுமல்ல, ஆளையே நாட்டைவிட்டு அனுப்பவும் இடமுண்டு என்றார் வழக்கறிஞர். நான் சிற்றிசன் ஆகிக் கனகாலம். என்னை எங்கே அனுப்புவார்கள்? அன்றைக்கு மனைவி சண்டை பிடிக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எனக்கு எதிரில் வந்து இருந்தாள்.

"வாங்கினதும் நீங்கள், கொண்டுவந்ததும் நீங்கள். மறியலிலை கம்பி எண்ணுறதுக்கு மட்டும் என்ரை தம்பியோ?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்த நாள் வழக்கறிஞரிடம் போய், சுங்கத்தில் ஒளித்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மச்சான் அப்பாவி, அவனுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்காது, நான் கொடுத்ததை நம்பி மாட்டினான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தான். அவர் சொன்னபடி சுங்கத்திலும் போய் ஒப்புக்கொண்டேன், எனக்குத் தண்டம் அடித்தார்கள். வழக்குப் பல தவணை இழுபட்டு, கடைசியில் அரச தரப்பு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. துவக்கை அழிக்கக் கொடுத்துவிட வேண்டும், பல வருடங்களுக்கு வேறொன்றைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. மச்சான் கையெழுத்துப் போட்டான்.

நீதிமன்றத்திலிருந்து வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். நெஞ்சுப் பாரம் குறைந்ததும் வாய் பழையபடி திறந்துவிட்டது. பாவம், உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் மாட்டியிருப்பாயா, எல்லாம் என் பிழைதான் என்று பெரிய மனிதன் மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் அத்தான். வகுப்பிலை படிப்பிச்சவை. நீங்கள் தந்த அண்டைக்கே நான் அளந்தும் பாத்தனான்."

"அப்ப ஏன்ரா போட்டனீ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"உங்கட வீட்டிலை இருந்துகொண்டு, நீங்கள் அப்பிடிக் கேக்கேக்கை, வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். அவனிடம் வாடகை வாங்குவதில்லை என்பதை, வீட்டுக்கு வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் அவன் காதுபடவே சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். கோடையில் புல்லு வெட்டச் சொன்னால் ஓம். பனி தள்ளச் சொன்னால் ஓம். வேலையால் வந்த களைப்போடு பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றிப் போகச் சொன்னாலும் ஓம். நல்ல பெடியன், சொல்வழி கேட்பவன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவனை அப்படியே கீழே போக விட மனமில்லை. மேலே வா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றேன்.

"ஓம் அத்தான்," என்றான்.

அவனுக்குத் தேத்தண்ணி வேணுமோ வேண்டாமோ, எனக்குத் தெரியவில்லை.