எடையைக் கூவிச் சொன்னவர்

சத்தமில்லாமல் நடக்கும் எந்தக் காரியமும் பத்துமலைக்கு ஆகாது.

மலேசியாவில் பத்து காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. மரம் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள் வாளியைத் தராசில் வைத்ததும் எடையைத் தொண்டை கிழியக் கூவுவார். வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும். அவருடைய அம்மா வீரம்மா அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்துக் கிராணி வாயைத் திறக்காமல் நிறுத்து, வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்வான். குறைத்தானா இல்லையா என்று தெரியாமலே வீரம்மா தினமும் லயத்து வீட்டுக்குத் திரும்புவார். திருட்டைவிட அந்தத் தெரியாமைதான் அவரை அரித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் மகனுக்கு அந்த வேலை கிடைத்ததும், முதல் நாளே அவன் கூவ ஆரம்பித்தான்.

“பாசார்ல மீன் விக்கிறவன் மாதிரி கத்துறியே லா,” என்றார் பெரிய கிராணி சின்னையா.

“விக்கிறவன் கத்துவாண்ணே. திருடுறவன்தான் கத்த மாட்டான்.”

சின்னையா அதை மறக்கவில்லை.

அந்தத் தொண்டையில்தான் பிற்பாடு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அவரால் கத்த முடியவில்லை. அவருக்காக யாரும் கத்தவும் இல்லை. சாவுக்கு வந்தவர்கள் “அமைதியான மனுசன்” என்றார்கள். கடைசி மூன்று மாதத்தை மட்டும் பார்த்தவர்களின் பேச்சு அது.

அதற்கெல்லாம் வெகு முன்பு, எண்பத்தெட்டில், பால் நிறுக்கும் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று சின்னையா சொன்னார். “கத்துக்கிட்டா நீ ஒக்காரு. இல்லன்னா வேற ஆளு.” அவ்வளவுதான் சொன்னார். யார் சொல்லித்தருவார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பத்துமலை ஈப்போவில் கம்ப்யூட்டர் விற்கும் பெர்னார்டிடம் போய், யாரோ வைத்திருந்து விற்ற ஒன்றை வாங்கினார். அதே ஊரில் சிலிபின் பகுதியில் இருந்த தன் வீட்டில், மனைவி செல்லாயியின் தையல் மிஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு அந்த மேசையில் வைத்தார். கம்பெனி பயன்படுத்தப்போகும் அதே கணக்குப் புரோகிராமை இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்தான் பெர்னார்ட். முதல் டிஸ்க்கைப் போட்டு ‘இன்ஸ்டால்’ என்று அடித்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான்.

பத்துமலை உடனே அடிக்கவில்லை. புதுப் படிப்பை விஜயதசமியில்தான் தொடங்குவது. முந்தின நாள் சரஸ்வதி பூஜையில் பேனா, ஸ்குரூ டிரைவர், மகளின் புத்தகங்கள், மோட்டார் சைக்கிள் சாவி, ஒன்றின்மேல் ஒன்றாக டிஸ்க்குகள் எல்லாம் சாமிப் படத்தின் முன் இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

மறுநாள் காலை குளித்துவிட்டு உட்கார்ந்து அடித்தார். முதல் டிஸ்க் போனது. இரண்டாவதைப் போடச் சொன்னது. போட்டார். விளக்கு எரிந்தது. உள்ளே கரகரவென்று ஏதோ அரைத்தது. விளக்கு அணைந்து, கட்டளைக்குக் காத்திருக்கும் பச்சைக் கோடு மட்டும் திரையில் மின்னியது. முடிந்தது என்று சொல்லவில்லை. முடியவில்லை என்றும் சொல்லவில்லை. புரோகிராமின் பெயரை அடித்தால், அப்படி ஒன்று இல்லை என்றது.

மறுபடி அடித்தார். மறுபடியும் அதே கரகரப்பு, அதே பச்சைக் கோடு.

“சீ,” என்றார். “நாய்கூட கடிக்கிறதுக்கு முன்ன உறுமும். இது என்ன ஜென்மம்?”

பெர்னார்ட் கடையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான்: “என் மிஷின்ல ஓடுது லா அண்ணே. ஒங்க வீட்டு கரண்ட்டு சரியில்ல.”

அடுத்த முறை போனபோது மெமரி பத்தவில்லை என்றான். அதற்கடுத்த முறை டிரைவ் அழுக்கு என்று துடைக்கிற டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான். ஒரு தடவைகூட அந்த இரண்டு டிஸ்க்கையும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. பத்துமலை சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளிடம் பேச்சைத் திருப்பினான். வெளியே வந்து சாக்கடையில் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தார் பத்துமலை. ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வருவதாகச் சொல்லியிருந்த திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நவமணி கோலாலம்பூரிலிருந்து வந்தாள். மகள். எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை.

“என்னப்பா சொல்லுது?”

“அதான் கேடு. ஒண்ணுமே சொல்லல.”

ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மெமரி பார்த்தாள். போதும். இரண்டாவது டிஸ்க்கில் உள்ளவற்றின் பெயர்களைக் கேட்டாள். எல்லாப் பெயர்களும் ஒழுங்காக வந்தன.

“எல்லாம் இருக்கேம்மா. பெறகு என்ன நோவு இதுக்கு?”

“பேரு இருக்குப்பா. உள்ள சரக்கு இருக்கான்னு இன்னும் பாக்கல.”

இன்ஸ்டாலை அவள் ஓட்டவில்லை. அது செய்ய வேண்டியதைத் தன் கையாலேயே, ஒவ்வொரு ஃபைலாக ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தாள். ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவதில் கரகரத்து நின்றது. இந்தத் தடவை திரையில் ஒரு வரி வந்தது: டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை.

பத்துமலை நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“இத்தன நாளா இத ஏன் சொல்லல?”

“மிஷினுக்கு அப்பவே தெரியும்பா. அந்த இன்ஸ்டால் இருக்கே, அதுதான் மிஷின் வாயப் பொத்திட்டுத் தாண்டிப் போயிருக்கு. எழுதினவன் அப்படி எழுதியிருக்கான்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் முகம் கெட்ட பாலை முகர்ந்ததுபோல் சுருங்கியது. அந்தக் காலத்துக் கிராணி வேலைக்குப் பிறந்தவன், என்றார்.

நவமணி டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் டிரைவ் டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும். திறப்பில் தெரிந்த பழுப்புப் பட்டையில் சந்தனம் வட்டமாக இழுபட்டுக் காய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு.

“இங்க யாருப்பா பொட்டு வச்சது?”

பத்துமலை வாயைத் திறந்தார். “நான்தான். கறுப்புல வச்சா எடுப்பா இருக்காது. இந்த எடம்தான் பளபளன்னு நெத்தியாட்டம் இருந்துச்சு.”

செல்லாயி அடுப்படியிலிருந்து கேட்டார்: “ரெண்டுக்குமா வச்சீங்க?”

“மேல இருந்ததுக்கு மட்டும்தான்.”

“அப்ப கீழ இருந்தது பொழச்சுது.”

நவமணி சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். டிரைவைத் திறந்து ஸ்பிரிட்டால் துடைத்தாள். பத்துமலை பெர்னார்டிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“சாமிக்கும் கம்ப்யூட்டர் கத்துக்குடுக்கப் பாத்தீங்களாண்ணே?” என்றான் பெர்னார்ட்.

“நான் செஞ்சத நான் சொல்லிட்டேன். நீ பாக்காமயே மூணு கத விட்டியே, அத நீ எப்பச் சொல்லப்போற?”

பெர்னார்ட் புது டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்தான்.

அன்றைக்கே புரோகிராம் ஓடியது. ஞாயிறு முழுக்க மகள் பக்கத்தில் இருந்தாள். ஒரு பெயர், ஒரு எடை, அடுத்த பெயர். விரல் தட்டும்போதெல்லாம் வாய் கூவியது. “பதினேழு கிலோ! இருவத்தி ரெண்டு!” பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் பத்துமலை தப்பில்லாமல் அடித்தார்.

திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் புது மேசை, புதுக் கம்ப்யூட்டர். நாற்காலியில் ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். பெயர் அலெக்சாண்டர் என்றான். தலைமை ஆபீஸிலிருந்து அனுப்பினார்களாம்.

“இன்னைலேர்ந்து நான்தானாம் அண்ணே. ஒங்ககிட்ட சொல்லலியா?”

பத்துமலை சின்னையாவைப் பார்த்தார். சின்னையா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்ணே, இந்தப் புரோகிராம். கத்துக்கிட்டு வந்திருக்கேன்,” என்றார் பத்துமலை.

“மேனேஜர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன் லா,” என்றார் சின்னையா.

மேனேஜரிடம் போனார். பெரிய கிராணி சொல்லவில்லையா என்று மேனேஜர் மலாயில் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்துத் தன் வேலையைத் தொடர்ந்தார். அவ்வளவுதான். இவர் போய்விடுவார் என்று அவர் எதிர்பார்த்தார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். ஒரு பதிலும் வராத இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது?

பத்துமலை நின்றார். இவர்களும் அந்த இன்ஸ்டால் மாதிரிதான். எல்லாம் தெரியும். தெரிந்தே தாண்டிப் போகிறார்கள்.

“சாக்காப் லா, துவான்,” என்றார். சொல்லுங்கள், ஐயா என்றார். “வாயத் தெறந்து சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்.”

மேனேஜர் வாசல் பக்கம் பார்த்தார். சின்னையா வரவில்லை. கடைசியில் மேனேஜர் சொன்னார், மேசையைப் பார்த்துக்கொண்டு: ஸ்டோரில் உனக்கு வேலை இல்லை.

பத்துமலை வெளியே வந்தார். வாளிகளோடு வெட்டுக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, வழக்கமான குரலில் கூவினார்:

“பத்துமலைக்கு ஸ்டோர்ல வேல இல்ல!”

வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது. பிறகு வண்டியை எடுக்கப் போனார்.

முதலில் நின்ற மங்களம் வாளியைத் தராசில் வைத்தாள். அலெக்சாண்டர் முள்ளைப் பார்த்தான், விசையைத் தட்டினான், அடுத்த வாளிக்குக் கையைக் காட்டினான். மங்களம் நகரவில்லை.

“எவ்வளவு?”

“அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேனேக்கா.”

“கம்ப்யூட்டருக்குச் சொன்ன. எனக்குச் சொல்லு.”

அவன் சின்னையாவைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். யாரும் அசையவில்லை.

“பத்தொம்போது,” என்றான்.

“கேக்கல,” என்றாள் மங்களம்.