நாலு சங்கிலி, நூத்து முப்பத்திரண்டு எட்டு

காசிலிங்கம் சர்வே ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் சங்கிலி பிடித்தவர். ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. நீளம் பத்து சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி போட்டால் ஒரு ஏக்கர். வெள்ளைக்காரன் காலத்து அந்தச் சங்கிலிக்கு மிஞ்சின சாமி அவருக்குக் கிடையாது. யாராவது டேப் எடுத்தால், "அது துணி அளக்கத்தாங்க" என்பார், சர்வேயர் முகத்துக்கு நேராகவே!

அந்தச் சாமிக்கே சோதனை வந்தது 2005 மாசியில், அவர் எல்லை அளக்கப் போன மரக்காணம் உப்பளத்தில்.

சுனாமி வரப்பையெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. தையல்நாயகி பாத்தி எங்கே முடிகிறது, பக்கத்துப் பலராமன் பாத்தி எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. உப்பு குவிக்கிற மேட்டில் ஒரு எல்லைக்கல் நின்றது. எதிர்முனைக் கல் சேற்றுக்குள் எங்கேயோ. பழைய வரைபடத்தில் தூரம் எழுதின இடத்தையே பார்த்துக் கரையான் தின்றிருந்தது. கல் கிடைக்காவிட்டால் பலராமன் கை காட்டுகிற இடம்தான் எல்லை, அவளுக்குப் பாதிப் பாத்தி போச்சு. புருஷன் இல்லாதவளுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

"மேட்டுக் கல்லுலேர்ந்து நூத்து முப்பத்திரண்டு எட்டுங்க," என்று விறுவிறுவென்று நடந்து காட்டினாள். நின்ற இடத்தில் கடப்பாரை போட்டார்கள். வெறும் சேறு.

"என் பாத்தியில வந்து நிக்கிறியே, நல்லா இருக்குதா?" பலராமன் சிரித்தார். காசிலிங்கமும்தான் சிரித்தார், பொய் எதற்கு.

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, வெறுந்தலையோட நடந்துட்டேனே!"

கூடை நிறைய ஈரச் சேற்றை அள்ளிச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, மேட்டிலிருந்து மறுபடி நடந்தாள். கழுத்து விறைத்தது, எட்டு குறுகியது. முன்பு நின்ற இடத்துக்கு முப்பதடி முன்னாலேயே நின்றுவிட்டாள். தனக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தும் நின்றாள்.

கடப்பாரை டங்கென்றது. கல்!

காசிலிங்கம் சங்கிலியை விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கடைசிக் கைப்பிடி கல் மேலேயே வந்து விழுந்தது. ஒரு கண்ணி கூடவில்லை, குறையவில்லை.

"எப்படிம்மா இவ்ளோ கரெக்டா கணக்கு வச்ச?"

"கணக்கு என்னாங்க கணக்கு. இருபது வருஷமா இந்தக் கல்லுகிட்டேருந்து மேட்டுக்கு உப்பு சுமக்கிறேன். நூத்து முப்பத்திரண்டாவது எட்டுலதான் கூடையை இறக்கலாம். எப்ப வரும், எப்ப வரும்னு எண்ணிக்கிட்டே நடப்பேன்."

கூடை இன்னமும் அவள் தலையில்தான் இருந்தது. காசிலிங்கம் சங்கிலியைச் சேற்றிலேயே போட்டுவிட்டு, ஓடிப்போய் இறக்கிவிட்டார்.