வலக்கண்ணில் நான் விட்ட சொட்டு

முதலில் வந்தது வலி அல்ல, ஒரு வளையம். யுத்தத்துக்காகத் தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்த காலம் அது. தியாகராய நகரில் வேலை முடிந்து மயிலாப்பூருக்குத் திரும்பிய ஒரு மாலையில், மூடிக்கு அடியில் கசிந்த வெளிச்சத்தைச் சுற்றி நிறங்கள் தெரிந்தன. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. பத்து நிமிஷத்தில் மறைந்துவிட்டது. டைரியில் நேரத்தோடு குறித்துக்கொண்டேன். காரணம்: விளக்கு மூடி என்றும் எழுதினேன்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் பதினெட்டு வருஷமாகக் கம்பவுண்டர் (டாக்டர் எழுதும் மருந்தைக் கலந்து கொடுப்பவன்). அளவு கிளாஸின் கோடுகள் சில மாதங்களாகவே மங்கி வந்தன. வெள்ளெழுத்து (நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்துப் பார்வை குறைவது) என்று நானே முடிவு செய்து, குளத்தங்கரையில் மூக்குக்கண்ணாடி விற்பவரிடம் போயிருந்தேன்.

"வயசச் சொல்லு நைனா, கண்ணாடிய நான் சொல்றேன்" என்றார்.

"நாற்பத்தேழு."

"பாத்தா அம்பதத் தாண்டுன மாதிரி கீறே. இந்தா, இது ரெண்டு வருஷம் ஓடும்."

அது ஐந்து மாதம் ஓடியது. அடுத்தது மூன்று மாதம். இப்படி அடிக்கடி கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால் அதை வயதின் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. நான் தள்ளினேன்.

வளையம் பதினொரு முறை வந்தது. பதினொன்றும் பொழுது சாயும் நேரத்தில். ஒவ்வொரு முறையும் வலப்புருவத்துக்கு மேல் ஒரு பாரம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அத்தனையும் டைரியில் இருந்தது. எழுதினேனே தவிர, ஒருநாளும் திருப்பிப் படிக்கவில்லை.

பன்னிரண்டாம் முறை, தூங்கி எழுந்தும் கண் சிவந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. எங்கள் டாக்டர் ஊரில் இல்லை. சாவி என்னிடம் இருந்தது. கண் சிவந்து வலியோடு வருகிறவர்களுக்கு டாக்டர் பலமுறை அட்ரோபின் (கண்ணின் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து) எழுதியிருக்கிறார். என் கையாலேயே கலந்து கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குக் குணமாகியிருக்கிறது. டிஸ்பென்சரியைத் திறந்து, கண்ணாடி முன் நின்று, வலக்கண்ணில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. நான்கு முறை வாந்தி. என் மனைவி சரோஜா இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

"பித்தம் தலைக்கேறிக்கினு கீது. வெறும் வயித்துல மருந்து வாடையிலியே நின்னுக்கினு இருந்தா வேற இன்னா ஆவும்?"

வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கு வைத்தியம் செய்ததில் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் என்னைக் கைபிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றிக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவள்தான்.

அங்கிருந்த டாக்டர் பெரியவர். மூடிய இமைகளின் மேல் இரண்டு விரல் நுனிகளை வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு என் விரல்களைப் பிடித்து அங்கேயே வைத்தார். இடக்கண் நாவற்பழம் போல அமுங்கியது. வலக்கண் கோலிக்குண்டாக இருந்தது.

"கிளாக்கோமா. உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, நரம்பை நசுக்குகிறது. கண்ணில் என்ன விட்டீர்?"

சொன்னேன்.

"யார் கொடுத்தது?"

"நான்தான்."

"உம்முடைய கண் பிறவியிலேயே சின்னது. வயதாக ஆக உள்நீர் வெளியேறும் வழி குறுகும். இருட்டில் பாப்பா விரியும்போது அந்த வழியும் அடைபடும். நீர் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, இருந்த வழியையும் மூடிவிட்டீர்."

வலக்கண்ணை அறுத்து வலியைத் தணித்தார்கள். பார்வை திரும்பவில்லை. ஓரத்தில் ஒரு விரற்கடை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

அதன் பிறகுதான் அவர் இடக்கண்ணைப் பற்றிப் பேசினார். அதுவும் அதே அமைப்புள்ள கண். பாப்பாவைச் சுருக்கி வைக்கும் சொட்டு மருந்து கப்பலில் வர வேண்டும். யுத்தத்தில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பார்வை இருக்கும்போதே ஐரிடெக்டமி (பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரையின் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி, நீருக்கு வழி திறக்கும் அறுவை) செய்துவிடலாம் என்றார்.

சரோஜா ஒப்பவில்லை. "நல்லா கீற கண்ண எதுக்கு அறுக்கணும்? கீறது அது ஒண்ணுதான்."

நானும் தள்ளிப்போட்டேன். டிஸ்பென்சரிக்குப் போனேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. மருந்தை அளவு கிளாஸுக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஊற்றினேன். வேலைக்குத் திரும்பிய ஆறாம் நாள், பொழுது சாயும்போது இடப்புருவத்தின் மேல் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் விட்டது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். சரோஜா மாற்று வேஷ்டியை மடித்து எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

மேஜையில் படுக்க வைத்து, மரத்துப்போக மருந்து விடக் குனிந்தார்கள். "அந்தச் சொட்டின் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"கம்பவுண்டரே, இங்கே நீர் நோயாளி" என்றார் டாக்டர். ஆனாலும் பெயரைச் சொன்னார்.

இரு கண்களையும் கட்டி, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள். ஏழு நாள். காப்பி வாடை வந்தால் காலை. துடைத்த தரையின் பினாயில் வாடை வந்தால் பத்து மணி. சரோஜாவின் வளையல் சத்தம் கேட்டால் நாலு மணி. எட்டாம் நாள் கட்டை அவிழ்த்ததும் அவள் மூக்குத்தி தெரிந்தது, பிறகு முகம்.

"இனிமேல் போகாது இல்லையா?" என்று கேட்டேன்.

"இன்றைக்கு இருக்கிறது. வாராவாரம் வந்து காட்டும்" என்றார் டாக்டர்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது விளக்கைச் சுற்றி நிறம் தெரிந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். உடனே கண் டாக்டரிடம் போங்கள். வீட்டிலுள்ள எந்தச் சொட்டையும் தொடாதீர்கள்.

முன்பெல்லாம் விழிப்பதும் கண்ணைத் திறப்பதும் எனக்கு ஒரே காரியம். இப்போது இரண்டு. பால்காரர் குரல் கேட்டு விழித்துக்கொள்கிறேன். இமைக்குப் பின்னால் கண் தனியாகக் கனக்கிறது. அதில் இன்று பார்வை இருக்கிறதா என்று திறக்கும் வரை தெரியாது. சரோஜா அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கிறது. இன்னும் திறக்காமல் படுத்திருக்கிறேன். போன மாதம் வரை இந்தச் சத்தத்துக்கு முன்பே துணிந்து திறந்துவிடுவேன்.