மார்கிரட் சொல்லிக்கொடுத்த கழித்தல்

மார்கிரட் கெட்டிக்காரி என்பதில் குருநகரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவளுடைய வாய் பொல்லாதது என்பதிலும் இருந்ததில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் அவள்தான். சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு கொழும்பில் சித்தப்பா வீட்டில் நின்று படித்து, கணக்கு ரீச்சராக வருவதென்று எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தச் சித்தப்பா உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கொழும்பும் படிப்பும் அத்தோடு சரி. அடுத்த வருடமே அவளைக் கிறகோரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

கிறகோரி கடல் தொழில் செய்கிறவன். அதிகம் கதைக்க மாட்டான். அவளுடைய பேச்செல்லாம் தன் மேல் விழுந்தாலும் வெயிலுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறவன் மாதிரிப் போய்விடுவான். அவளுக்கு அதுவும் எரிச்சல்தான். மகள் ஜசிந்தா பிறந்த பிறகு அவளுடைய ஆசை முழுவதும் பிள்ளை மேல் திரும்பியது. தான் ஏறாத படியெல்லாம் இவள் ஏறவேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியபோது ஜசிந்தாவுக்கு நாலரை வயது. கோட்டையைச் சுற்றி அடிபாடு. குருநகர்ச் சனம் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இணுவிலுக்கு அப்பால் ஒரு தோட்டக் கிராமத்தில், நாகேஸ்வரி என்ற அம்மாவின் வளவுக்குள் வெங்காயம் கட்டித் தூக்கும் கொட்டில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. கிறகோரி, மார்கிரட், பிள்ளை, கிறகோரியின் விதவை அக்கா லூர்த்தம்மா, நாலு பேர். நாகேஸ்வரி கெட்ட மனுசி இல்லை. இருக்க இடம் தந்தவள், சுகமில்லாத நேரம் கஞ்சி அனுப்பியவள். ஆனால் கிணற்றில் மட்டும் அவர்கள் கை வைக்கக்கூடாது. அவள் அள்ளி வார்ப்பாள், இவர்கள் வாளியைத் தள்ளிப் பிடிக்கவேண்டும்.

தை பிறந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மார்கிரட் விசாரிக்கப் போனாள். கட்டடத்துக்குள் அகதிகள். வகுப்புகள் வேப்பமரத்தின் கீழ் நடந்தன. பெயர் பதிகிறவர் எந்த ஊர் என்று கேட்டார். குருநகர் என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பின்நேரம் தனியாக ஒரு வகுப்பு வைக்கிற யோசனை இருக்கிறது, அப்போது பார்க்கலாம் என்றார். மார்கிரட் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, கொட்டில் வாசலில் நின்று புருசனிடம் சொன்னாள்:

"இவளை நான் வீட்டிலை வைச்சே படிப்பிக்கிறன். ஆரின்ரை வாசலிலும் போய் நிக்கத் தேவையில்லை."

மடத்தில் படித்தபோது, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கதையாகச் சொல்லவேண்டும் என்று ஒரு கன்னியாஸ்திரி சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்த வயதில் என்று அந்தச் சிஸ்ரர் சொன்னாரோ தெரியாது. சொல்லியிருந்தாலும் மார்கிரட்டுக்கு அவசரம். அடுத்த வருடம் யாராவது இந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்டால் அவள் பட்டுப்பட்டென்று பதில் சொல்லவேண்டும்.

கிறகோரி முதல் முறையாகக் குறுக்கே கதைத்தது அன்றைக்குத்தான்.

"உவளுக்கு இப்ப கதையிலை வாறவையும் மனுசர்தான். கதையைக் கதையாச் சொல்லு. கணக்கை ஏழு வயசிலை தொடங்கலாம்."

அவள் ஏழு வயதில் தான் பெருக்கல் செய்ததைச் சொன்னாள். அவன் சற்று யோசித்து, அப்படியென்றால் மீனை வைத்துச் சொல்லு, மீன் விற்கிறதும் தின்கிறதும் பிள்ளைக்குத் தெரிந்த காரியம் என்றான். மார்கிரட் சுளகை நிலத்தில் போட்டாள்.

"மீன், மீன் எண்டு சொல்லி என்ரை பிள்ளையையும் கூடை தூக்க வைக்கிற எண்ணமோ? நீங்கள் நாறுறது காணாதோ?"

நாகேஸ்வரி கிணற்றடியில் நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

அதனால் கதைக்குள் மீன் வரவில்லை, மனிதர்கள் வந்தார்கள். ஒரு பெரிய கல்வீடு. அதில் ஏழு பிள்ளைகள். ஒருவர் சந்தைக்குப் போகிறார், மிச்சம் எத்தனை பேர்? மார்கிரட் நன்றாகக் கதை சொல்லக்கூடியவள். வாயில் இருந்த கூர்மையெல்லாம் கதைக்குள் போனதும் அழகாக மாறிவிடும். ஜசிந்தா ஒரே வாரத்தில் ஏழு பேருக்கும் பெயர் வைத்துவிட்டாள். கடைக்குட்டிக்குச் சூட்டி என்று பெயர். சூட்டிக்குப் புளி பிடிக்காது, சூட்டிக்கு இருட்டில் பயம் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். கூட்டல் தண்ணீர் பட்ட பாடாக வந்துவிட்டது. வருகிறவர்களை எண்ணப் பிள்ளைக்குச் சந்தோஷம்.

கழித்தல்தான் வரவில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் சந்தைக்குப் போனால் மிச்சம் எத்தனை என்றால், ஏழு என்பாள். ஏனென்று கேட்டால், பின்நேரம் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்தானே என்பாள். கொழும்புக்கு அனுப்பினாலும் கோயிலுக்கு அனுப்பினாலும் அவளுடைய கணக்கில் எல்லோரும் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மார்கிரட் விளக்கினாள், அதட்டினாள், துடையில் கிள்ளினாள். கடைசியில் ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"சூட்டி செத்துப்போனான். இனி வரமாட்டான். இப்ப எத்தினை?"

பிள்ளை அவளுடைய முகத்தையே பார்த்தது. பிறகு விரல்களைப் பார்த்தது. "ஆறு" என்றது.

அது அன்றைக்கு அழுதது, சாப்பிடவில்லை. ஆனால் விடை சரி. மார்கிரட் அதைத்தான் பார்த்தாள். அடுத்த நாள் மூத்தவன் குண்டு விழுந்து செத்தான், அதற்கடுத்த நாள் நடுவிலாள் காய்ச்சலில் போனாள். பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது, விடை பிழையாவதும் நின்றுவிட்டது. ஐந்து வயது முடியுமுன்னமே இருபதுக்குள் எந்தக் கழித்தலையும் செய்தாள். நாகேஸ்வரி ஒருநாள் கிணற்றடியில் வைத்து அவளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைகள் மாதிரியே சொல்லுது என்று ஆச்சரியப்பட்டாள். மார்கிரட்டுக்கு நெஞ்சு நிறைந்தது. அதே சொல் குத்தவும் செய்தது. பிள்ளை வாளியைப் பிடித்துக்கொண்டு தாயைத்தான் பார்த்தபடி நின்றது. கதையில் யார் போவது, யார் இருப்பது என்று முடிவு செய்கிறவள் அம்மா. அது அந்தப் பிள்ளைக்கு நன்றாக விளங்கியிருந்தது.

கிறகோரி அந்த மாதங்களில் கடலுக்குப் போகவில்லை. களப்புக் கடலில் இறங்கினால் தீவுப் பக்கமிருந்து ராணுவத்தினர் சுடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். தோட்டங்களில் மண்வெட்டி வேலை கிடைத்தால் செய்வான். இல்லாவிட்டால் வேலியோரம் இருந்து பழைய வலையின் கிழிசலைப் பொத்துவான். ஜசிந்தா அவனுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்ளும். அப்படி ஒருநாள் சூட்டியும் மற்றவர்களும் உண்மையாகவே வரமாட்டார்களா என்று அது அவனைக் கேட்டது. வருவார்கள், கடலுக்குப் போனவர்கள் சிலபேர் பிந்தித்தான் வருவார்கள் என்றான் அவன். பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடி வந்து, அம்மா, திரும்ப ஏழு என்று கத்தியது.

நாகேஸ்வரி அப்போது கத்தரிக்காய் கொண்டுவந்து நின்றாள். அவள் சிரித்தாள். வேறொன்றும் இல்லை, சும்மா ஒரு சிரிப்பு. ஆனால் மார்கிரட்டுக்கு அது போதும்.

"கடலுக்குப் போறவன் கடலுக்குப் போகவேணும்," என்றாள், எல்லாருக்கும் கேட்க. "பொம்பிளையளின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருந்து, பிள்ளைக்குப் பிழை சொல்லிக் குடுக்கிறதுக்கு ஒரு ஆம்பிளை. ஊரிலை ஒவ்வொருத்தன் பயமில்லாமல் போறான். போங்கோ. போய்த் துலையுங்கோ."

கிறகோரி ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தான். லூர்த்தம்மா, தம்பி, உவளின்ரை கதையை விடு என்றாள். அவன் விடியச் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனான். பிள்ளை வேலியடியில் நின்று கை காட்டியது.

அவனுடைய கூட்டாளி சிமியோன்தான் செய்தி கொண்டு வந்தான், தோளில் கட்டுப் போட்டபடி. இரண்டு பேரும் களப்பில் இறங்கிக் கொஞ்சத் தூரம்தான் போயிருக்கிறார்கள். வெடி வந்தது. கிறகோரி தண்ணீருக்குள் விழுந்தான். சிமியோன் தேடினான், மறுபடி சுட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

பெட்டியில்லாமல் பூசை வைத்தார்கள். வளவில் ஊர்ச்சனம் வந்து இருந்தது. லூர்த்தம்மா தம்பி உடுத்த சாரத்தை மடியில் வைத்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். மார்கிரட் ஒரு மூலையில் குந்தியிருந்தாள். ஜசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றது. அழவில்லை. பாடத்தில் விளங்காத இடத்தைக் கேட்கிறது மாதிரிக் கேட்டது:

"அம்மா, நீங்கள் ஏன் அப்பாவைக் கழிச்சனீங்கள்?"

லூர்த்தம்மாவின் ஒப்பாரி நின்றது. சுற்றியிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. லூர்த்தம்மாவுக்கு விளங்கியது. அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மார்கிரட்டைப் பார்த்தே சொன்னாள்: "கேள் பிள்ளை, கேள். நான் கேக்கிறதை நீ கேட்டிட்டாய்."

மார்கிரட் பிள்ளையின் கன்னத்தில் அறைந்தாள். இழவு வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு பாடம் இல்லை. ஆனால் பிள்ளை விடவில்லை. தண்ணீர் வார்க்கும்போதும் தலை வாரி இழுக்கும்போதும் ஒரே கேள்வி. கழித்தது நீங்கள்தானே, அப்படியென்றால் கூட்டுங்கோ. மார்கிரட் முதலில் எழும்பி வேறு வேலைக்குப் போனாள். பிறகு திட்டினாள். மாரி மழை தொடங்கிய ஒரு பகலில், பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தது. அது அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கெஞ்சியது. அவள் இளகிப்போனாள். வாழ்க்கையில் அவள் இளகியது குறைவு. அந்த இளக்கமும் பிழையாகப் போனது.

"சரி. அம்மாவும் மாமியும் நீயும், மூண்டு பேர். அதோடை ஒண்டைக் கூட்டு."

"நாலு," என்றது பிள்ளை. முகம் முழுக்கச் சிரிப்பு.

காய்ச்சல் விட்டதும் அது எழுந்து போய்ப் வேலிப் படலையடியில் நின்றது. கூப்பிட்டால் வரவில்லை. அடுத்த நாளும் நின்றது. மழை பெய்தால் ஓலைத் துண்டைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றது. நாகேஸ்வரி தானே வந்து தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாள், கடித்துவிட்டது. ஒரு கிழமைக்கு மேல் அப்படி. பிறகு ஒருநாள் மத்தியானம் தானாக வந்து, அடுப்படியில் இருந்த தாயிடம் சொன்னது:

"அம்மா, உங்கடை கணக்குப் பிழை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது தாயிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து லூர்த்தம்மாவோடுதான் படுத்தது.

அடுத்த வருடம் அவர்கள் அரியாலையில் லூர்த்தம்மாவின் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். ஜசிந்தா ஏழாவது வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். வகுப்பாசிரியை கொஞ்சக் காலத்தில் மார்கிரட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். இலக்கத்தில் கொடுத்தால் எல்லாம் சரியாகச் செய்கிறாள், ஆனால் ஒருவரிடம் இத்தனை இருந்தது என்று வசனமாக வருகிற கணக்குகளைத் தொடுவதே இல்லை, வெறுமையாக விடுகிறாள் என்றார். காரணம் கேட்டேன், அம்மாவைக் கேளுங்கோ என்கிறாள் என்றார். மார்கிரட், பிள்ளைக்குப் பிடிவாதம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.  பங்குக் கோயிலில் பாலர் வகுப்பு நடத்தக் கேட்டபோது எழுத்து மட்டும் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டாள். அவளுடைய வாய் அடங்கிவிட்டது என்று சனம் சொன்னது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. மழை. மூன்று பேரும் ஒருவழியாகச் சாவகச்சேரியில் ஒரு கோயில் வளவுக்குப் போய்ச் சேர்ந்து, தறப்பாள் கூடாரமொன்றின் கீழ் இடம் பிடித்தார்கள். லூர்த்தம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. ஜசிந்தாதான் அவற்றை உருவிவிட்டாள். அவளுக்குப் பத்து வயது ஆகப்போகிறது.

பக்கத்துத் தறப்பாளில் பத்மாசினி என்று ஒரு இளம் தாய், அஞ்சு வயதுப் பெண்பிள்ளையோடு. பள்ளிக்கூடம் எப்போது திறக்குமோ தெரியாது, தானே கணக்குத் தொடங்கலாம் என்று இருந்தாள். மார்கிரட் பாலர் வகுப்பு நடத்தியவள் என்று அறிந்து, கதை மாதிரிச் சொல்லிக் கொடுக்கலாமோ என்று கேட்டாள்.

"இப்ப வேண்டாம்," என்றாள் மார்கிரட். "கொஞ்சம் வளரட்டும்."

"எத்தினை வயசுக்குப் பிறகு, அக்கா?"

மார்கிரட், தெரியாது என்றாள்.

பத்மாசினி காத்திருக்கவில்லை. அன்று பின்நேரமே ஒரு அணில் குடும்பத்தையும் அவை களவெடுத்த மாம்பழங்களையும் வைத்துக் கதை தொடங்கிவிட்டாள். அணில் ஒரு பழத்தைத் தின்றது, மிச்சம் எத்தனை? பிள்ளை தப்புத் தப்பாகச் சொன்னது. தாயும் அணில் மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டு தப்பாகவே எண்ணினாள். இரண்டு பேரும் உருண்டு சிரித்தார்கள். மார்கிரட் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நெஞ்சுக்குள் எழுந்தது பொறாமை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜசிந்தா லூர்த்தம்மாவின் காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெறுமையான தண்ணீர்க் கானை எடுத்தாள்.

"மாமி, தண்ணிக்குப் போறன்."

நானும் வாறன் என்று மார்கிரட் எழும்பினாள்.

"வேண்டாம்," என்றாள் ஜசிந்தா, திரும்பிப் பார்க்காமல். சேற்றுக்குள் காலை அகல வைத்து, குழாயடியில் நின்ற நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.