உப்புப் படகுக்கு நாள் பார்த்த கதை

காலை நீட்டி உக்காரணும். அவ்வளவுதான் எங்க ஆசை. ஆம்பளை வந்தா எழுந்திருக்கணும், மாமியா வந்தா மடக்கிக்கணும், இந்தப் பேஜாரே இல்லாம ஒரு பகல் முழுக்கக் காலை நீட்டிக்கினு உக்காரணும். அதுக்குத் திண்டிவனத்துல ஏது இடம்? அதனாலதான் படகுன்னு ஒரு பேச்சை நான் எடுத்தேன். ஆமா, நாந்தான். இதை மட்டும் யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது.

ஜெர்மன் சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷம். ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரே வரிசையில எங்க நாலு வூடு. கூட்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்தவரு சம்சாரம் எங்களுக்கெல்லாம் மூத்தவ, அஞ்சு புள்ளை பெத்தவ. அவளைக் கூட்ஸ் அக்கான்னுதான் கூப்பிடுவோம். பக்கத்து வூட்டுல மளிகைக்கடைக்காரர் பொண்டாட்டி, என் வயசு. கடைசி வூட்டுல போஸ்ட்மேன் பொண்டாட்டி, சின்னப் பொண்ணு, நல்லாப் பாடுவா. நாலாவது ஆளு நான். என் வூட்டுக்காரருக்கு மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில வேலை. கல்யாணம் ஆகி எட்டு வருஷம், புள்ளை இல்ல. தெருவுல என்னை யாருக்காவது அடையாளம் சொல்லணும்னா இந்தக் கடைசி விஷயத்தைத்தான் சொல்லுவாங்க.

என் தம்பி மரக்காணம் உப்பளத்துல எடை போடுற வேலையில இருந்தான். அங்கேருந்து கால்வாய் வழியா மெட்ராஸுக்கு உப்பு போவும். அவன் மூணு படகு சொன்னான். ஒண்ணு விறகுப் படகு. காசு வேணாம், ஆனா குச்சி மேலதான் குந்தணும். இன்னொண்ணு ஆபீசருங்க போற கூண்டுப் படகு. மெத்தை உண்டு, கூடவே டவாலி போட்ட பியூன் ஒருத்தனும் உண்டு. அவன் எதிர்ல காலை நீட்டறதா? போடான்னுட்டேன். மூணாவது உப்புப் படகு. மெட்ராஸுல இறக்கிட்டு வெறுமனே திரும்பி வந்து, மறுபடி மூட்டை ஏத்துற வரைக்கும் ரெண்டு நாள் சும்மா நிக்கும். கீத்துக் கூரை இருக்கு. ஒரு கிழவரும் அவரு பொண்டாட்டியும்தான் ஆளுங்க. காலையில ஏறினா ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் போய்ட்டு சாயந்திரம் திரும்பிடலாம். இதைவிட இன்னா வேணும்? அதையே முடிவு பண்ணோம். ஆம்பளைங்க கிட்ட மரக்காணம் கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லிட்டோம்.

அந்தப் படகுக்கார அம்மா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க. வூட்டுக்குத் தூரமான பொம்பளை யாரும் ஏறக்கூடாது. ஏறினா அடுத்து ஏத்துற உப்பு நீர்த்துப் போயிடுமாம்.

சரின்னு நாலு பேருக்கும் நாள் பார்க்க உக்காந்தோம். என் வூட்டு சமையக்கட்டுல, தரையில கரிக்கோடு போட்டு, ஆளுக்கு நாலு புளியங்கொட்டை. அமாவாசையிலேருந்து எண்ணிக்கினு வர்றோம். கூட்ஸ் அக்காவுக்கு இந்த நாலு நாளு, மளிகைக்காரிக்கு அந்த நாலு நாளு, சின்னவளுக்குப் பௌர்ணமியை ஒட்டி. ஒருத்தி விட்டா ஒருத்தி. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி எடுத்துடுச்சு. கடைசியில ஒரே ஒரு சனிக்கிழமை தப்பிச்சு நின்னுது.

"உன் கொட்டையை வைடி" ன்னா மளிகைக்காரி.

நான் சும்மா வெச்சிருக்கலாம். பொய்யா ஒரு இடத்துல நாலு கொட்டையை வெச்சுட்டு வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம். ஆனா எட்டு வருஷமா அவளுங்க கேட்டுக் கேட்டு நான் தலையைக் குனிஞ்ச கேள்விக்கு, அன்னிக்குத்தான் என் கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. பதினோரு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. ஒரு திமிரு வந்துது பாரு எனக்கு! கொட்டைய கையிலேயே வெச்சுக்கினு, "எனக்கு எந்த நாளா இருந்தாலும் சரிதான்" னேன்.

மூணு பேரும் வாயைப் பொளந்துக்கினு பார்த்தாளுங்க. அப்புறம் கட்டிப் புடிச்சுக்கினாளுங்க. கூட்ஸ் அக்கா அழுதுட்டா. அழுது முடிச்சுட்டு, கண்ணைத் தொடைச்சுக்கினே, "அப்போ நீ வரக்கூடாது" ன்னா.

"ஏங்க்கா?"

"பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடும். தண்ணி மேல போறது, கோட்டைல காத்து கருப்பு இருக்கும். எட்டு வருஷம் கழிச்சு உண்டாகியிருக்க, வெளையாட்டா? அடுத்த வருஷம் புள்ளையை இடுப்புல வெச்சுக்கினு வா."

நான் கெஞ்சினேன். பஸ்ஸுல முன்னால உக்காந்துக்கறேன், கோட்டையில இறங்கல, படகுலயே இருக்கேன்னேன். அவ என் கிட்ட வாதாடவே இல்ல. நேரா கூடத்துக்குப் போய் என் மாமியா கிட்ட சொல்லிட்டா. அதோட முடிஞ்சுது. அன்னிக்கு என் வூட்டுக்காரரு பூவும் அல்வாவும் வாங்கிக்கினு வந்தாரு. மாமியா என் கையிலேருந்து தண்ணிக்குடத்தைப் புடுங்கி அவங்களே தூக்கினாங்க. எனக்கும் அந்த ருசி புடிச்சுப் போச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். படகு போனா போவுதுன்னு என் மனசை நானே தட்டிக் கொடுத்துக்கினேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கெளம்பினாளுங்க. புளிச்சோறு கட்டிக் கொடுத்தது நான். மல்லாட்டை வறுத்துக் கொடுத்தது நான். படகுல எந்தப் பக்கம் வெயில் அடிக்காதுன்னு தம்பி கிட்ட கேட்டு வெச்சு சொல்லி அனுப்பினதும் நான்தான்.

அன்னிக்கு மத்தியானமே எனக்கு அடிவயிறு வலிச்சுது.

மாமியா தோட்டத்துக் கொட்டாயில பாயைப் போட்டு, ஒரு செம்புத் தண்ணியை வாசப்படிக்கு வெளியில வெச்சுட்டுப் போய்ட்டாங்க. நான் ஒரு பக்கமா ஒருக்களிச்சுக் கெடந்தேன். அப்போ இன்னா நெனைச்சேன் தெரியுமா? போயிருந்தா படகு மேலயாவது பழி போட்டிருக்கலாம். பஸ்ஸு கெடுத்துது, காத்து அடிச்சுதுன்னு சொல்லி அழுதிருக்கலாம். எல்லாரும் சொன்ன மாதிரி பத்திரமா வூட்டுல இருந்தேனே, இப்போ யாரைச் சொல்றது? அந்தக் கிழவரு படகைத் தள்ளிக்கினு போற நேரத்துல, இங்க ஒருத்தி கொட்டாயில கெடக்கறா. நான் போயிருந்தாலும் அவங்க உப்பு நீர்த்துத்தான் போயிருக்கும்னு அதையும் சேர்த்து நெனைச்சு சிரிச்சேன். சிரிப்பா அது!

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூணு பேரும் வந்தாளுங்க. மாமியா மூஞ்சைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். கொட்டாய்க்கு எட்ட வந்து வரிசையா நின்னாளுங்க, தொடக் கூடாதே. பொடவைக் கரையெல்லாம் சேறு. மூஞ்சியெல்லாம் வெயில் பட்டு செவந்து கெடக்கு. சின்னவ தலை அவுந்து தோள்ல தொங்குது. மடியில கிளிஞ்சல் கட்டி வெச்சிருக்கா, நடக்கறப்போ கலகலங்குது.

"எப்படி இருந்துது?" ன்னு கேட்டேன்.

"அய்ய, ஒண்ணுமே இல்லடி. ஒரே நாத்தம்" ன்னா கூட்ஸ் அக்கா.

"கொசு புடுங்குது" ன்னா மளிகைக்காரி.

சின்னவ அக்கா மூஞ்சை ஒரு தரம் பார்த்துட்டு, "நீங்க வராததே நல்லதுங்க்கா" ன்னா.

பஸ்ஸுல வர்றப்பவா பேசி வெச்சிருப்பாளுங்க? மாமியாவைப் பார்த்ததும் கண்ணாலேயே பேசிக்கினாளுங்களா? எனக்குத் தெரியாது. நான் எழுந்து உக்காந்து, "தண்ணி இன்னா நிறம்? கோட்டை எவ்ளோ ஒசரம்? காலை நீட்டிக்கினு உக்காந்தீங்களாடி?" ன்னு ஒவ்வொண்ணா கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கு, நீ படு" ன்னுட்டு ஜல்தியா போய்ட்டாளுங்க. என் மனசு நோவக்கூடாதாம். போவாததையாவது தாங்கிக்கினேன். கேட்டாவது பார்த்திருப்பேனே, அதையும் புடுங்கிக்கினாளுங்க.

அப்புறம் எனக்கு ஒரு நாளும் தள்ளிப் போவல. படகுக்கும் யாரும் கூப்பிடல.

கூட்ஸ் அக்கா பெரிய பொண்ணு கல்யாணம் விழுப்புரத்துல நடந்துது. அக்கா வூட்டுக்காரருக்கு அப்போ அங்கதான் வேலை. சண்டை நடந்துக்கினு அரிசிக்குத் தட்டுப்பாடான காலம், சின்னப் பந்திதான். நான் வெத்திலைத் தட்டை எடுத்துக்கினு சாமான் அறைக்குப் போனேன். உள்ள மூணு பேரும். காலை நீட்டிக்கினு உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிக்கறாளுங்க. "கயித்தைக் குடுங்க நான் இழுக்கறேன்னு கரையில இறங்கினீங்களேக்கா, இடுப்பு வரைக்கும் சேத்துல..." ன்னு சின்னவ சொல்லிக்கினு இருந்தா. "அந்தக் கிழவி நண்டு சுட்டுக் கொடுத்தாளே, அந்த ருசி..." ன்னா மளிகைக்காரி.

என்னைப் பார்த்துட்டாளுங்க. கப்புனு நின்னுது. மூணு பேரும் காலை மடக்கிக்கினாளுங்க, நான் என்னமோ மாமியா மாதிரி.

"இன்னா சிரிப்பு?" ன்னேன்.

"ஒண்ணும் இல்லடி, வா, குந்து" ன்னா கூட்ஸ் அக்கா.

தட்டைக் கீழே வெச்சேன். "எனக்கு வயித்துலதாண்டி ஒண்ணும் தங்கல. காது கூடவா இல்லாம போச்சு? சொல்லுங்களேண்டி" ன்னேன்.

ஒருத்தியும் என் மூஞ்சைப் பார்க்கல. சின்னவ எழுந்து வந்து என் கையைப் புடிச்சா. கூட்ஸ் அக்கா வாயைத் தொறந்தா. சொல்லத்தான் போறான்னு நெனைச்சேன். "சாப்டியா?" ன்னா.